முழங்கால் மடங்க மறுக்கும்போது



சில ஆண்டுகளுக்கு முன், தவக்கால ஞாயிறு ஒன்றில், மறையுரையின் நடுவே நான் கொஞ்சம் காரமாகப் பேசிவிட்டேன். எழுந்தேற்ற வேளையில்கூடச் சிலர் முழந்தாளிடாமல் சுவரோரம் உட்கார்ந்தே இருக்கிறார்கள், கடவுளுக்கு முன் முட்டி போட அவ்வளவு வருத்தமா என்று கேட்டேன். அப்போது நான் இருந்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரப் பங்கு. பேசி முடித்ததும் மனத்துக்குத் திருப்தியாகவே இருந்தது.

அடுத்த மூன்று ஞாயிறுகள், முன்வரிசையில் தவறாமல் அமரும் ஒரு ஆயாவைக் காணவில்லை. கணவர் கடலுக்குப் போனவர். அவர் இறந்த பிறகு நாற்பது ஆண்டுகள் மீன் கூடை சுமந்து பிள்ளைகளை ஆளாக்கிய தாய் அவர். உடல்நலம் இல்லையோ என்று வீட்டுக்குப் போனேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆயா, கோயில் பக்கமே காணோம்?"

"முட்டி மடங்க மாட்டேங்குது சாமி. முட்டி போடாதவங்க வரவேணாம்னு நீங்கதான சொன்னீங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. அந்தத் திண்ணையில் எனக்குக் கிடைத்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்று ஐம்பதைத் தாண்டிய பிறகு, நற்கருணைப் பேழை முன் முழந்தாளிட்டு எழும்போது என் வலது முட்டியும் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. ஆகவே இது ஒருவகையில் எனக்கும் நானே எழுதிக்கொள்வது.

முதலில் திருச்சபையின் ஒழுங்கைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 43-ஆம் எண் எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிடச் சொல்கிறது. அதே எண்ணிலேயே உடல்நலக் குறைவு, இடமின்மை, கூட்ட நெரிசல் போன்ற தக்க காரணங்கள் உள்ளவர்களுக்கு விலக்கும் அளிக்கிறது. முழந்தாளிட முடியாதவர், குரு முழந்தாளிடும் நேரத்தில் ஆழ்ந்து தலைவணங்கினால் போதும். இது குருமடத்தில் நான் படித்ததுதான். மறையுரை மேடையில் மறந்துபோனது.

தொடக்கத் திருச்சபையில் எருசலேமின் யாக்கோபு இடைவிடாமல் முழந்தாளிட்டுச் செபித்ததால் அவர் முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்போலக் காய்த்துப்போயின என்று வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதி வைத்திருக்கிறார். அது யாக்கோபின் முழங்கால். எல்லாருக்கும் அப்படி ஒரு முழங்கால் வாய்ப்பதில்லை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1994 ஏப்ரலில் தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்து, இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் கைத்தடியோடுதான் நடந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் முட்டி வலியால் 2022 மே மாதம் முதல் மக்கள் முன் சக்கர நாற்காலியில் வந்தார். உலகம் முழுவதும் பார்க்க அவர்கள் உட்கார்ந்தார்கள். நம் ஆயாவுக்கு மட்டும் ஏன் வெட்கம்?

வலியைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. வலி சிலுவை, அதைப் பேசாமல் சுமக்க வேண்டும் என்பது ஒன்று. வலி எதிரி, மாத்திரை போட்டு உடனே அதன் வாயை அடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. வலி உண்மையில் என்ன என்பதை உலகத்துக்கு விளக்கிய கதையின் ஒரு முக்கியமான பக்கம் நம் செங்கல்பட்டில்தான் எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில், லேடி வில்லிங்டன் பெயரில் ஒரு தொழுநோய் இல்லம் இருந்தது. 1955-இல் நடுவண் அரசு ஏற்றுக்கொண்டு ஆராய்ச்சி, பயிற்சி நிலையமாக்கிய இடம் அதுதான். 1947-இல் அதை நடத்திவந்தவர் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர். அவருடைய அழைப்பின் பேரில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் அங்கே வந்தார். இவர் 1914-இல் நம் கொல்லிமலையில், மறைபரப்புப் பணி செய்த பெற்றோருக்குப் பிறந்தவர். விரல்கள் மடங்கிச் சூம்பிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடியில் பிராண்டுக்கே வலித்தது. செத்துப்போனது என்று எல்லாரும் நினைத்த கையில் வலுவான தசைகள் உயிரோடு இருந்தன! அவரைத் தொழுநோயாளர் பணிக்கு இழுத்தது அந்தக் கைப்பிடிதான்.

பின்னர் அவர் கண்டறிந்தது இன்னும் பெரியது. தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் அழுகி உதிர்வதாகத்தான் அதுவரை நம்பினார்கள். உண்மையில், நரம்பு கெட்டு வலி தெரியாமல் போனதால், அவர்களே அறியாமல் சூடுபட்டும் முள் குத்தியும் காயம்பட்டுக் கொண்டே இருந்தார்கள். கணுக்கால் சுளுக்கினால் நாம் நொண்டுவோம்; அந்த நொண்டுதல்தான் மூட்டுக்கு ஓய்வு. அவர்களோ எதுவும் நடவாததுபோல் அதே காலை ஊன்றி நடந்து, மூட்டையே நொறுக்கிக்கொண்டார்கள். மொலோக்காய்த் தீவின் புனித தமியான் கொதிநீரில் கால் பட்டும் சுடவில்லை என்றபோதுதான் தமக்கும் தொழுநோய் வந்திருப்பதை உணர்ந்தார் என்ற செய்தியை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன நம் மக்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இரவு படுக்குமுன் உள்ளங்காலைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

ஆக, வலி நம் உடலுக்குள் கடவுள் வைத்த காவல்காரர். நாய் குரைத்தால் அதன் வாயைக் கட்டுவதற்கு முன் வாசலில் யார் நிற்கிறார் என்று எட்டிப் பார்ப்போம் அல்லவா? மூட்டு வலியிலும் முதல் வேலை அதுவே.

வாசலில் நிற்பவர் எல்லா வீட்டிலும் ஒருவரல்ல. வயதானவர்களிடம் மிகுதியாகக் காண்பது மூட்டுத் தேய்மானம். நடந்தால், படி ஏறினால் வலி, உட்கார்ந்தால் குறையும். காலையில் எழும்போது உள்ள பிடிப்பு பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுப்போகும். முடக்குவாதம் வேறு. இரண்டு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, காலைப் பிடிப்பு ஒருமணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். நடுவயதுப் பெண்களுக்கு மிகுதியாக வரும். இதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருப்பது பெருந்தவறு. முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டுகள் கோணாமல் காப்பாற்றலாம். இதற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரம் ஒரு நாள் மட்டுமே போட வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்கள் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போவதுண்டு. எந்தக் கிழமை என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகள் நாட்காட்டியில் குறித்துக் கொடுங்கள்.

நள்ளிரவில் திடீரென்று கால் பெருவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டால்கூடத் துடிக்கிறது என்றால் அது யூரிக் அமிலத்தின் வேலையாக இருக்கலாம். மதுவும், ஈரல் குடல் வகைகளும், இறாலும் மத்தியும் மிகுதியாகச் சாப்பிடுவதும் அதைத் தூண்டும். (கடற்கரைப் பங்கில் மத்தி மீனைக் குறைக்கச் சொன்ன சாமியார் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.) 2006-இல் நாடு முழுவதும் பதின்மூன்று லட்சம் பேருக்கு மேல் தாக்கியதாகக் கணக்கிடப்பட்ட சிக்குன்குனியாவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. மூட்டு வலி பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கியது. ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் அது சீழ்க்கிருமியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி நம் ஆயாவுக்கும் எனக்கும் வந்திருக்கும் தேய்மானத்துக்கு வருவோம். "முட்டி தேஞ்சு போச்சு, இனிமே நடக்காதீங்க" என்று வீட்டுக்கு வீடு அறிவுரை சொல்கிறார்கள். இதைப்போலக் கெடுதலான அறிவுரை வேறில்லை. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. கடற்பஞ்சைப்போல அது அமுங்கும்போது கழிவு வெளியேறுகிறது, விடுபடும்போது மூட்டுக்குள் உள்ள வழுவழுப்பான நீரிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. அசைவுதான் அதற்குச் சாப்பாடு. நடக்காமல் திண்ணையில் உட்கார்ந்தால் மூட்டு பட்டினி கிடக்கும், தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் முட்டியைத் தாங்க ஆள் இல்லை, வலி கூடும், இன்னும் நடக்கத் தோன்றாது. ஆயா மூன்று வாரம் கோயிலுக்கு வராமல் இருந்ததில், நூறடி நடப்பதுகூட அவருக்குக் கடினமாகிவிட்டது. என் மறையுரையின் பலன்!

நாங்கள் தொடங்கியது ஒரு நாற்காலியில். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். பிறகு அடுத்த கால். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். எண்ணிக்கை தவறாமலிருக்க ஆயா தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு நீட்டலுக்கும் ஒரு அருள்நிறை மரியே; பத்து மணி முடிந்தால் கால் மாற்றுவது. செபமாலையை இப்படிப் பயன்படுத்தலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். அன்னை மரியாவும் எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு நடந்தவர்தானே, கோபிக்க மாட்டார் என்றேன்.

உடற்பயிற்சி செய்தபின் கொஞ்சம் வலி கூடினால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது சரியான அளவு. மறுநாளும் வீக்கமோ வலியோ நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். காவல்காரரின் குரலைக் கேட்டு நடப்பது என்பது இதுதான். நடைக்குத் தளர்ந்த கடற்கரை மணல் வேண்டாம், கெட்டியான சாலையே நல்லது. கைத்தடி தேவைப்பட்டால், வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கையில் தடி. நம்மில் பெரும்பாலோர் மாற்றித்தான் பிடிக்கிறோம்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். நம் மறைமாவட்டத்தின் பரங்கிமலையில் ஆர்மீனிய வணிகர் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்துக் கொடுத்த படிகளில் ஏறுகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். முடியாதவர்கள் வண்டிப் பாதையில் போனாலும் அதே திருத்தலத்துக்குத்தான் போய்ச் சேர்வார்கள். அச்சிறுபாக்கம் மழைமலை மாதாவிடம் முழங்காலில் ஏறுவதாக நேர்ந்துகொண்டு, பிறகு முட்டி கெட்டுப்போய்ப் பயந்துகொண்டிருக்கும் பெரியவர்கள் இருந்தால், உங்கள் பங்குத்தந்தையிடம் வந்து பேசுங்கள். தனிப்பட்ட முறையில் செய்த இத்தகைய நேர்ச்சைகளை வேறொரு நற்செயலாக மாற்றிக்கொடுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடம் உண்டு.

உட்காரும் முறையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தக் கரையின் பிழைப்பே தரையில் நடக்கிறது. மீன் விற்கும் பெண்கள் குத்துக்காலிட்டு நாள் முழுக்க அரிவாள்மனை முன் இருக்கிறார்கள். மாமல்லபுரத்துச் சிற்பிகள் கல்லுக்கு முன் காலை மடித்து உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை உளியும் சுத்தியுமாக இருக்கிறார்கள். முட்டி முழுவதும் மடங்கியிருக்கும்போது மூட்டின் மேல் அழுத்தம் மிக அதிகம். குத்துக்காலிடுவது பாவமில்லை, மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதுதான் கெடுதல். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காரலாம், அரிவாள்மனையை ஒரு மேடையில் ஏற்றி வைக்கலாம். சிற்பிகள் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, செய்த வேலையைத் தள்ளி நின்று பார்க்கட்டும். கலைக்கும் அது நல்லது! சுத்தியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரல் மூட்டுகளுக்கு இறுக்கம் குறையும். குடத்தையும் சோற்றுப் பானையையும் விரல்களால் கவ்வித் தூக்காமல் இரு கைகளாலும் அணைத்துத் தூக்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் உயரமான கழிப்பறை இருக்கை ஆடம்பரம் அல்ல. அதற்கு வசதியில்லை என்றால் நடுவில் துளையிட்ட நாற்காலியாவது வாங்குங்கள். இரவில் முட்டிக்குக் கீழே தலையணை வைப்பது சுகமாக இருக்கும், ஆனால் நாளடைவில் முட்டியை நீட்ட முடியாமல் செய்துவிடும்.

எடையைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் ஒரே ஒரு கணக்கு: உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டியின் மேல் ஏறும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருந்துவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு பிரியாணியில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொள்கிறோம். இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறைவதை ஆண்டு முழுக்கக் கடைப்பிடித்தால் முட்டிக்கு அதுவே நல்ல நோன்பு.

முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கேட்டு யாராவது கொல்லிமலைப் பக்கம் போனால் குடித்துவிட்டு வரட்டும், சூடான சூப்பில் தவறில்லை. தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளர்ந்துவிடாது. என் கவலை எல்லாம் பெயர் ஒட்டாத பொட்டலங்களைப் பற்றித்தான். "ரெண்டு வேளை போட்டேன் சாமி, எழுந்து ஓடினேன்" என்று சொல்ல வைக்கும் பொடிகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியும். கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணும், சிறுநீரகக் கேடும் வரும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதே மருந்தைக் களிம்பாக முட்டியில் தடவுவது எவ்வளவோ பாதுகாப்பு.

இந்த டைக்ளோஃபெனாக்குக்கு இன்னொரு கதை உண்டு. மாட்டுக்குப் போட்ட இம்மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது 2004-இல் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதை இந்தியா தடை செய்தது. நம் பக்கத்து ஊரான திருக்கழுக்குன்றத்தில் தினமும் வந்துபோன இரு பறவைகள் 1990-களின் இறுதியில் வராமல் போனது வேறு கதை. ஆனால் அந்தக் குன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மருந்துக்கடை வாசல்தான் நினைவுக்கு வருகிறது. பறவையின் சிறுநீரகம் நம்முடையதைவிட மென்மையானது என்பது உண்மைதான். அதற்காக நம்முடையது கருங்கல்லால் ஆனதும் அல்ல.

மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவோ என்று கேட்கிறவர்கள் சீராக் நூலின் 38-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே என்கிறது அது; நோயுற்றவன் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்கிறது. துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றி 1984 பிப்ரவரி 11 அன்று இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட திருத்தூது மடல், நல்ல சமாரியரில்தான் வந்து நிற்கிறது. துன்பப்படுகிறவரைக் கடந்து போகாதிருப்பதும் அந்தப் பொருளின் ஒரு பாதி. நீக்க முடியாத வலியைக் கிறிஸ்துவோடு ஒப்புக்கொடுக்கலாம். எத்தனையோ பெரியவர்கள் அப்படிப் புனிதமாய் வாழ்வதை நான் அருகிலிருந்து பார்க்கிறேன். நீக்கக்கூடிய வலியை நீக்காமல், பக்கத்து வீட்டுக்காரரைச் சுமக்க வைப்பதற்குச் சிலுவை என்று பெயர் சூட்ட வேண்டாம்.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்துப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு ஆண்டுகள் நிமிர முடியாமல் கூனிப்போனவர். அந்த உடம்போடு ஓய்வு நாளில் தொழுகைக்கூடத்துக்கு வந்திருந்தார். இயேசு அவரைக் கண்டதும் தாமே கூப்பிட்டார். தொழுகைக்கூடத் தலைவர்தான் குறை சொன்னார். அந்த வாசகத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் இரவுத் தூக்கம் கெடும் அளவு வலி இருந்தால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை இருக்கிறது. பிள்ளைகளுக்குச் செலவு என்று மறைக்காதீர்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் முதலில் காட்டுங்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். வெளியே வர முடியாதவர்களின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வரும் ஏற்பாடு, 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அன்பியக் கூட்டத்தில், உங்கள் தெருவில் கோயிலுக்கு வராமல் போன பெரியவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வராததற்குக் காரணம் பெரும்பாலும் முட்டியாக இருக்கும்.

அந்தப் பங்கில் அடுத்த ஞாயிறே மறையுரையில் மன்னிப்புக் கேட்டேன். கோயிலின் இரு பக்கச் சுவர்களோரமும் நாற்காலிகள் போட்டோம். முதல் வாரம் யாரும் உட்காரவில்லை. இரண்டாம் வாரம் ஆயா தம் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்கும்படி முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தேற்ற மணி அடித்தபோது தலை மார்பில் படும்படி வணங்கினார். அன்று முடிவதற்குள் பதினோரு நாற்காலிகள் நிறைந்துவிட்டன.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, "நாற்காலி ரொம்பத் தாழ்வா இருக்கு சாமி, எழுந்திருக்கச் சொல்ல முட்டி இழுக்குது" என்றார். அவர் சொன்னது சரி. இருக்கை முட்டிக்குக் கீழே இருந்தால் எழுவது கடினம். பேரனும் உபதேசியாருமாகச் சேர்ந்து நாற்காலிக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து, ஆடாதபடி ஆணி அடித்து உயர்த்தினார்கள்.